ஒப்பனை கற்றுத் தந்த பாடங்கள்

ஒப்பனை என்றதும் நம்மில் பலர் அழகுபடுத்துவதையே எண்ணுகிறோம். கல்லூரி நாடகங்களுக்காக நான் பழகிவரும் ஒப்பனை வேறு வகை. இருபது வயது இளைஞனைக் கிழவனாக்க வேண்டும். காயமே படாத நெற்றியில் வெட்டுக்காயம் தோன்ற வேண்டும். இதில் தூரிகையைவிடக் கண்ணுக்கே வேலை அதிகம் என்பது பழகப் பழகத்தான் விளங்கிற்று.

முதுமையை எடுத்துக்கொள்வோம். நெற்றியில் மூன்று கருங்கோடுகள் இழுத்து, மீசைக்கு வெள்ளை பூசினால் கிழவர் வந்துவிட்டார் என்று எண்ணுவோர் உண்டு. அரங்கில் அது கோடாகவே தெரியும். தோலின் சுருக்கம் ஒரு மடிப்பு. அதன் பள்ளத்தில் நிழலும் மேட்டில் ஒளியும் விழுகின்றன. ஆகவே நடிகரை முகம் சுளிக்கச் சொல்லி, சிரிக்கச் சொல்லி, அவருடைய தோல் எங்கே மடிகிறதோ அங்கேயே பழுப்பு நிறத்தை இட வேண்டும். ஒரு விளிம்பு கூர்மையாக நிற்க, மறு விளிம்பைக் கரைத்துவிட வேண்டும். அருகில் தோலைவிட வெளிறிய பூச்சு. கன்னக்குழியையும் நெற்றிப்பொட்டையும் விரலால் தடவி, எலும்பின் வழியே நிழலிட்டால், கோடே இல்லாமல் முகம் பாதி முதுமை அடைந்துவிடும். கழுத்தையும் புறங்கையையும் மறந்தால் அத்தனையும் வீண்.

அமெரிக்க ஒப்பனைக் கலைஞர் டிக் ஸ்மித், 1970இல் வெளிவந்த 'லிட்டில் பிக் மேன்' படத்தில், முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்த டஸ்டின் ஹாஃப்மனை 121 வயது முதியவராக்கினார். முகத்தை ஒரே முகமூடியால் மூடாமல், நுரை ரப்பர்த் துண்டுகள் பலவற்றை விளிம்போடு விளிம்பு படியுமாறு ஒட்டினார். அதனால் தசை அசைந்தபோது ஒப்பனையும் உடன் அசைந்தது. நுரை ரப்பருக்கு நாம் எங்கே போவது? திரவ ரப்பர்ப் பாலே போதும். தோலை இழுத்துப் பிடித்து, மெல்லிய பூச்சு இட்டு, விசிறியால் உலர்த்தி, பவுடர் தூவியபின் கையை விட்டால், தோல் தளர்ந்து நுண்ணிய சுருக்கங்கள் தாமே தோன்றும். புருவத்தில் மட்டும் படக்கூடாது. உரிக்கும்போது முடியும் சேர்ந்து வந்துவிடும்.

காயத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. அடிபட்ட கன்னம் முதலில் சிவந்து, ஓரிரு நாளில் நீலமும் ஊதாவுமாகி, ஒரு வார அளவில் பச்சையும் மஞ்சளுமாக மாறும். "இப்போதுதான் அடித்தார்கள்" என்று வசனம் பேசும் பாத்திரத்துக்கு மஞ்சள் பூசுவது பொருந்தாது. இரத்தத்துக்குச் சர்க்கரைப் பாகும் உணவுச் சிவப்பும் சிறிது கோகோ தூளும் போதும். ஒத்திகையில் அதைக் கண்ட பேராசிரியர் ஒருவர் முதலுதவிப் பெட்டியைத் தேடி ஓடியது தனிக்கதை. ஆனால் மேடை விளக்கைக் கேட்காமல் நிறம் கலக்கக்கூடாது. சிவப்பு விளக்கின் கீழ் சிவப்பு வெளுத்து மறையும். பச்சை விளக்கின் கீழ் அதே இரத்தம் கறுத்துப்போகும்.

இவை எல்லாவற்றையும்விட நான் பெரிதாக மதிப்பது நடிகரின் தோலை. ஒப்பனைக்கே பெயராகிவிட்ட அரிதாரம், உண்மையில் ஆர்சனிக்கும் கந்தகமும் கலந்த மஞ்சள் கனிமம்; நச்சுப்பொருள். வெளிநாட்டிலும் இக்கதை உண்டு. 1939இல் வெளிவந்த 'தி விசர்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் தகர மனிதனாக நடிக்கத் தொடங்கிய பட்டி எப்சன், முகத்தில் பூசிய அலுமினியத் தூளைச் சுவாசித்ததால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவருக்குப் பதிலாக வந்த ஜாக் ஹேலிக்கு அலுமினியத்தைப் பசையாகக் குழைத்துப் பூசினார்கள்.

ரப்பர்ப் பால் உறையாதிருக்க அம்மோனியா சேர்ப்பார்கள். அதன் நெடி கண்ணை எரிக்கும். சிலருக்கு ரப்பரே ஒவ்வாது. எனவே முதல் நாளே முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவிப் பார்க்கிறேன். தடித்தால் அந்த நடிகருக்கு நிழலும் ஒளியும் மட்டுமே; இயக்குநர் முகம் கோணினாலும் சரி. நாடகம் முடிந்ததும் கைதட்டல் கேட்க எனக்கு நேரமிருப்பதில்லை. தேங்காய் எண்ணெயும் பழைய வேட்டித் துணியும் எடுத்துக்கொண்டு, ரப்பரின் விளிம்பை எண்ணெயால் நனைத்து நனைத்துக் கழற்ற வேண்டும். ஒரு கிழவரை இளைஞனாக்க அரை மணியாவது ஆகிறது.