ஆர்க்கிட் இலையில் ஒரு புள்ளி

சீனப் புத்தாண்டுக்கு முந்திய வாரங்களில் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பூச்செடிக் கடைகளின் வாசல் ஆர்க்கிட் செடிகளால் நிறைந்துவிடும். வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள், ஊதா எனப் பல நிறங்களில், வளைந்த தண்டில் வரிசையாகப் பூத்திருக்கும் செடியைப் பட்டாம்பூச்சி ஆர்க்கிட் என்பார்கள். தாவரவியலார் அதற்கு இட்ட பெயர் ஃபெலனாப்சிஸ். ‘அந்துப்பூச்சியைப் போன்றது’ என்பது அப்பெயரின் பொருள். பரிசாக வரும் அந்தச் செடி இரண்டு மூன்று மாதங்கள் வரவேற்பறைக்கு அழகு சேர்க்கும். பூக்கள் உதிர்ந்ததும் அது தாழ்வாரத்துக்குப் போய்விடும். சில வாரங்கள் கழித்து அதன் இலையில் ஒரு பழுப்புப் புள்ளி தெரியும்.

அதைக் கண்டதும் ஒருவர் செடியையே குப்பையில் போடுவார். மற்றொருவர் கடைக்குச் சென்று ஏதோ ஒரு மருந்தை வாங்கித் தெளிப்பார். இன்னொருவர் சமையலறைக் கத்தரிக்கோலை எடுத்து, புள்ளி விழுந்த இலைகளை எல்லாம் அடியோடு வெட்டிவிடுவார். மூவருமே அந்தப் புள்ளியைச் சரியாகப் பார்க்கவில்லை.

இதில் அவசரம் ஏன் ஆபத்தானது என்பதற்குச் செடியின் அமைப்பே காரணம். பட்டாம்பூச்சி ஆர்க்கிட்டுக்கு இலைகள் மிகக் குறைவு. நான்கு முதல் ஆறு இலைகள் இருந்தாலே அது நல்ல செடி. புதிய இலை ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோதான் வரும். வேறு பல ஆர்க்கிட்களில் நீரைச் சேமித்துவைக்கும் தடித்த தண்டுகள் உண்டு. இதற்கு அவை இல்லை. தடித்த இலைகளில்தான் நீர் சேமிக்கப்படுகிறது. எனவே, தேவையில்லாமல் ஓர் இலையை வெட்டுவது பெரிய இழப்பு. அதே சமயம், எல்லா இலைகளும் நடுவில் உள்ள ஒரே குருத்திலிருந்து பிறக்கின்றன. நோய் அந்தக் குருத்தை எட்டி அதை அழுகச் செய்துவிட்டால் செடி பிழைப்பது அரிது. வெட்டுவதா, விட்டுவிடுவதா என்ற முடிவு இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

அந்த முடிவை எடுக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். அழியாத மை கொண்ட பேனா ஒன்று போதும். புள்ளியின் ஓரத்தைச் சுற்றி மெல்லிய கோடு வரைந்து, பக்கத்தில் தேதியையும் குறித்துவைக்க வேண்டும். பிறகு கையுறை அணிந்த விரலால் புள்ளியை மெதுவாக அழுத்திப் பார்க்க வேண்டும். இலையைத் திருப்பி அடிப்பக்கத்தையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலோர் இதைச் செய்வதே இல்லை. ஆனால், செதிற்பூச்சியும் மாவுப்பூச்சியும் ஒளிந்திருப்பது அங்கேதான். மறுநாள் அதே நேரத்தில் புள்ளி கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

புள்ளி கோட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது, தொட்டால் காய்ந்திருக்கிறது, வெயில் படும் பக்கத்தில் மட்டுமே இருக்கிறது என்றால் அது நோயன்று. வெயில் சுட்ட தழும்பு. முதலில் வெளிறி, பின்னர் பழுப்பாகவோ கறுப்பாகவோ மாறி, அந்த இடம் சற்றுக் குழிந்திருக்கும். “செடி பல மாதங்களாக அதே இடத்தில்தானே இருக்கிறது?” என்று பலர் வியப்பார்கள். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 1.3 பாகையில் உள்ளது. அதனால் டிசம்பர் மாத நண்பகலில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். ஜூன் மாதத்தில் வடக்கே சாய்ந்திருக்கும். வடக்கு நோக்கிய தாழ்வாரத்தில் பிப்ரவரி மாதம் நிழலில் இருந்த செடியின்மீது மே, ஜூன் மாதங்களில் நேர்வெயில் விழக்கூடும். இத்தகைய செடிக்கு மருந்து தேவையில்லை. அதை நிழலான, வெளிச்சமுள்ள இடத்துக்கு நகர்த்தினால் போதும். இலையின் மீதிப் பகுதி பச்சையாக இருக்கும்வரை அதை வெட்டவே கூடாது.

புள்ளி நீர் கோத்ததுபோல் பளபளத்து, அழுத்தினால் கொழகொழவென்று இருந்து, ஒரே நாளில் கோட்டைத் தாண்டியிருந்தால் நிலைமை வேறு. அது பாக்டீரியாவின் வேலை. சில சமயம் துர்நாற்றமும் வீசும். நம் நாட்டு வெப்பமும் ஈரமும் அதற்கு மிகவும் பிடித்தவை. சில நாள்களில் அது குருத்தை எட்டிவிடலாம். இங்கே காத்திருப்பதுதான் தவறு. அன்றே வெட்ட வேண்டும்.

பூஞ்சையால் வரும் புள்ளி இவ்வளவு விரைவாகப் பரவாது. பெரும்பாலும் மஞ்சள் புள்ளியாகத் தொடங்கி, வாரக்கணக்கில் பழுப்பாகவும் கறுப்பாகவும் மாறும். புள்ளியைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரியலாம். இலை நுனியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கரும்பட்டைகள் இறங்கி, அவற்றில் ஊசிமுனை அளவு கறுப்புப் பொட்டுகள் இருந்தால் அதுவும் பூஞ்சையே.

வெட்டுவதிலும் ஒரு முறை உண்டு. முதலில் நோயுற்ற செடியை மற்றச் செடிகளிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். புதிய சவர அலகு ஒன்றால், புள்ளியின் ஓரத்திலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளி, நல்ல பச்சைப் பகுதியிலேயே வெட்ட வேண்டும். ஓரத்தை ஒட்டி வெட்டினால் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் உள்ளேயே தங்கிவிடும். வெட்டிய வாயில் இலவங்கப்பட்டைத் தூளைத் தடவலாம். அது காயத்தை உலரச் செய்யும். வேரில் அது படக்கூடாது, வேரையும் உலர்த்திவிடும். வெட்டிய துண்டைப் பையில் இட்டுக் கட்டிக் குப்பையில் சேர்க்க வேண்டும்.

செம்பு கலந்த மருந்து பூஞ்சையையும் பாக்டீரியாவையும் ஓரளவு கட்டுப்படுத்தும். பூஞ்சைக்கு மட்டுமே உரிய மருந்தைப் பாக்டீரியா நோய்க்குத் தெளிப்பது வீண்செலவு. பக்கத்திலேயே டென்ட்ரோபியம் வகை ஆர்க்கிட் இருந்தால் செம்பு மருந்து அதன்மீது படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு அது கேடு செய்யலாம். எந்த மருந்தையும் புட்டியில் அச்சிட்ட அளவுப்படி, பெரியவர் ஒருவர் உடனிருக்கப் பயன்படுத்துவதே பாதுகாப்பு.

ஒவ்வொரு செடிக்கும் புதிய அலகு வேண்டுமா என்ற கேள்வி எழலாம். வேண்டும். சிம்பிடியம் மொசைக் வைரஸ் என்பது உலகெங்கும் ஆர்க்கிட் செடிகளில் பரவலாகக் காணப்படுவது. அதனால் இலையில் மஞ்சள் கீற்றுகளும் குழிந்த பழுப்புத் திட்டுகளும் தோன்றலாம். எந்த அறிகுறியும் இல்லாமலும் அது செடிக்குள் இருக்கலாம். இதற்கு மருந்தே கிடையாது. ஒரு செடியை வெட்டிய கத்தரிக்கோலில் ஒட்டிய சாறு அடுத்த செடிக்கு அதைக் கொண்டு சேர்க்கும். சாராயக் கரைசலால் துடைப்பதை மட்டும் நம்ப முடியாது. பாட்டி பத்து ஆண்டுகளாக வளர்த்த ஆர்க்கிட்களுக்கு நடுவே பேரப்பிள்ளை ஒரே கத்தரிக்கோலோடு உதவப் போனால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நோய் திரும்பாமல் இருக்கத் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை மாற்ற வேண்டும். காலையில் ஊற்றினால் மாலைக்குள் இலைகள் உலர்ந்துவிடும். இரவில் ஈரத்தோடு இருக்கும் இலையில்தான் கிருமிகள் எளிதாக நுழைகின்றன. குருத்தில் தேங்கிய நீரை மெல்லிய காகிதத்தால் ஒற்றி எடுக்க வேண்டும். தொட்டிகளுக்கிடையே காற்று புகும் அளவுக்கு இடைவெளி வேண்டும். பரிசுச் செடிகள் பல, பிளாஸ்டிக் குவளையோடு துளையில்லாத அழகுத் தொட்டிக்குள் அடுக்கப்பட்டு வருகின்றன. அடியில் நிற்கும் நீர் யார் கண்ணுக்கும் தெரியாது. வேர் அழுகுவதற்கும் ஏடிஸ் கொசு முட்டையிடுவதற்கும் அந்த நீரே போதும்.

இவ்வளவு செய்த பிறகும் பழைய தழும்பு மறையாது. பழுப்பான இடம் மீண்டும் பச்சையாவதில்லை. கவனிக்க வேண்டியது குருத்தைத்தான். அங்கிருந்து வரும் புதிய இலை புள்ளியின்றி விரிந்தால் செடி தேறிவிட்டது எனலாம். அதற்குச் சில மாதங்கள்கூட ஆகலாம். அதுவரை, தழும்புள்ள பழைய இலைகளே செடிக்கு உணவு தயாரித்துக்கொண்டிருக்கும்.