குங்பூ ஆசிரியர் இப் மான்

ஏட்டிலெழுதப்படாத கலை கற்றவனுடலோடு நின்று அவனோடே அழிவதோ, அன்றிப் பிறனொருவன் கையிற் சென்று மீண்டும் பிறப்பதோ? சீனரது போர்க்கலையை நாம் குங்பூ என்கின்றோம். அவர்தம் மொழியில் அச்சொல், நெடுங்காலம் உழைத்தடைந்த திறமையைக் குறிப்பதாதலின், தேர்ந்த சமையற்காரன் கைத்திறமும் குங்பூவேயாம். அப்பொருட்கேற்ப வாழ்ந்த ஆசிரியரொருவரைப் பற்றி ஈண்டுச் சிறிது கூறுவாம்.

இப் மான் என்பார் தென்சீனத்துப் போஷான் நகரிலே 1893-இல் செல்வக்குடியிற் பிறந்தவர். சிறுவராயிருந்தபோதே, நாணயமாற்றுத் தொழிலினரான சான் வாஷுன் என்னும் முதியவரையடைந்து, விங் சுன் என்னும் முறையைக் கற்கத் தொடங்கினார். அம்முதியவர்தம் மாணாக்கருட் கடைசியானவர் இவரே. ஆசிரியர் மறைந்தபின் மூத்த மாணாக்கரொருவரிடம் எஞ்சியவற்றைப் பயின்றார்.

இம்முறையின் முதற்பாடத்திற்குச் 'சிறு எண்ணம்' என்று பொருள்படும் பெயருண்டு. கற்போன் முழங்கால்களைச் சற்றே மடக்கிப் பாதங்களை உட்புறந் திருப்பி, நின்ற இடத்திலேயே நின்று கைகளை மாத்திரம் இயக்குவான். தொடக்கப் பகுதியிலே கை மிக மெல்ல முன்சென்று, மிக மெல்ல மீளும். காண்பார்க்கு இது போர்ப்பயிற்சியென்றே தோன்றாது! பின்னர் 'ஒட்டுங் கை' என்னும் பயிற்சி வரும். இருவர் எதிரெதிர் நின்று முன்கைகளை ஒன்றோடொன்று பொருத்திச் சுழற்றுவர். எதிரியின் விசை எங்கே மிகுகின்றது, எங்கே தளர்கின்றது என்பதைக் கண்ணாலன்றித் தோலாலே உணர்தல் வேண்டும். இதனைச் சொல்லி விளக்குதல் அரிது. ஆசிரியன் கை மாணாக்கன் கைமேற் பட்டே தீரவேண்டும்.

போஷானில் இப் மான் சிலர்க்குக் கற்பித்ததுண்டாயினும், அதனைப் பிழைப்பாகக் கொண்டாரல்லர். 1938-இல் ஜப்பானியர் அந்நகரைக் கைப்பற்றினர். போர்க்காலத்திலே அவர் செல்வம் அழிந்தது. 1949-இல் சீனத்தில் அரசு மாறவே, ஹாங்காங் சென்றார். 1950-இல், 56 வயது கடந்த நிலையிலே, உணவுவிடுதித் தொழிலாளர் சங்கக் கட்டிடமொன்றில் ஊதியம் பெற்றுக் கற்பிக்கலானார். செல்வராயிருந்தவர் கலையை விற்றார் என இகழ்வாருமுளர். பொருள் மிகக் கொடுப்போனையும் பாடங்கேட்டற்குரியோருள் ஒருவனாக நன்னூலார் வைத்தமையை அவர் அறியார் போலும்! வறுமை வந்திராவிடின் அக்கலை அத்துணைப் பேரைச் சென்றடைந்திராது என்பதே எம் கருத்து.

கற்பித்தவாறும் பழைய முறையன்று. ஐம்பூதம் முதலிய மறைபொருட் சொற்களை விலக்கி, எளிய சொற்களாற் பாடஞ் சொன்னார். போஷானில் நிலத்திலே நட்டிருந்த மரப்பாவை, மூன்று கையும் ஒரு காலும் உடையது, ஹாங்காங்கின் மாடிவீடுகளிலே சுவரிற் பொருத்தப்படலாயிற்று. இளையோர்க்கு மூத்தோர் பயிற்றுவித்தனர்; பிற்காலத்துத் திரைப்படத்தாற் புகழ்பெற்ற புரூஸ் லீயும் பெரும்பான்மை வொங் ஷுன் லியுங் என்னும் மூத்த மாணாக்கரிடமே பயின்றார். ஒவ்வொருவர் உடற்கும் இயல்புக்கும் ஏற்பக் கற்பித்தமையாற் போலும், ஆசிரியர்க்குப்பின் மாணாக்கர் பலரும் தத்தம் முறையே மெய்ம்முறையென வாதிட்டனர். அவருள் ஒருவரைப் பொய்யரென்றல் எளிதன்று.

1972-இல், நோயால் மெலிந்திருந்த முதியவர், தம் வீட்டிலே ஒளிப்படக் கருவியின் முன் நின்று முதலிரண்டு பாடங்களையும் மரப்பாவைப் பயிற்சியையும் செய்துகாட்டினார். சின்னாளில் உயிர்நீத்தார். அவ்வசையும் படத்திலே, தளர்ந்த கை மெல்ல முன்சென்று மீள்வதை இன்றும் காணலாம். மூன்றாம் பாடமும் வாட்பயிற்சியும் அதில் இல்லை. அவற்றை வேண்டுவார், அவர் கைபட்டவர் வழிவந்தோரிடமே சென்று கற்கின்றனர்.