ஏற்றுவது எளிது, ஓடவைப்பதே தொழில்

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் சும்மா கிடக்கும் டெஸ்க்டாப்பை சர்வராக்கி, நெய்வேலிக் குடும்பங்களின் பழைய போட்டோக்களையும் நினைவுகளையும் ஒரு வலைத்தளமாகத் தொகுக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். விண்டோஸா லினக்ஸா, எந்தக் கன்ட்ரோல் பேனல் சுலபம் என்றும் கேட்டிருக்கிறாய். பதில் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்றை மனதில் போட்டுக்கொள். வலைத்தளத்தை ஏற்றுவது ஒரு மாலைப்பொழுது வேலை. ஆறு மாதம் கழித்து, யார் எந்த நேரத்தில் தட்டினாலும் அது திறக்கும்படி வைத்திருப்பதுதான் தொழில். நான் இந்தக் கடிதத்தில் சொல்லப்போவது எல்லாம் அந்த ஒன்றைச் சுற்றித்தான்.

நீ எடுத்திருக்கும் பொருள் நல்ல பொருள். 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வெளியே வந்ததில் தொடங்குகிறது நம் ஊரின் கதை. 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் வந்தது, 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார், 1962-இல் சோவியத் உதவியோடு அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடியது. இவையெல்லாம் அச்சில் இருக்கின்றன. அச்சில் வராதது ஒன்று உண்டு. இங்கே யாருக்கும் குவாட்டர்ஸ் சொந்தமில்லை. அப்பா ஓய்வு பெற்றதும் குடும்பம் வீட்டைக் காலி செய்து கடலூருக்கோ சென்னைக்கோ பூர்வீக ஊருக்கோ போய்விடுகிறது. அதோடு அந்தக் குடியிருப்பு வட்டத்தின் கொலுப் படமும், பள்ளி ஆண்டுவிழாப் படமும், ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வரும் அப்பாவின் படமும் ஒரு பெட்டிக்குள் போய்விடுகின்றன. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டுப் பெயர்ந்துபோன கிராமத்தார் வீடுகளிலும் இதே கதைதான். அவர்களையும் உன் தொகுப்பில் சேர்த்துக்கொள். அவர்களை விட்டுவிட்டால் அது நெய்வேலியின் கதை ஆகாது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். உன் கணினியில் இருப்பது விண்டோஸ் 10 என்கிறாய். அதற்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. பழைய இயந்திரம் என்பதால் விண்டோஸ் 11 அதில் ஏறுவதும் சந்தேகம். பாதுகாப்புத் திருத்தம் வராத ஒரு கணினியை நாலு பேர் வந்துபோகும் சர்வராக்காதே. விண்டோஸின் டெஸ்க்டாப் பதிப்புகளிலும் ஐஐஎஸ் என்ற வலை சர்வர் உண்டு, கற்றுப் பார்க்க நல்லதுதான். ஆனால் அது சோதனைக்காகக் கொடுக்கப்பட்டது. எக்ஸ்பி காலத்தில் ஒரே ஒரு தளத்துக்குத்தான் அதில் இடம் இருந்தது. பிறகு வந்த பதிப்புகளிலும் ஒரே நேரத்தில் எத்தனை பேருக்குப் பதில் சொல்லலாம் என்பதற்கு வரம்பு வைத்தார்கள். ஆகவே லினக்ஸ் போடு. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு போதும். டெபியன் தெரிந்தால் இன்னும் நல்லது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் குடும்பம்தான். அரசு கொடுத்த இலவச மடிக்கணினியில் அதைப் பார்த்திருப்பாய்.

கன்ட்ரோல் பேனல் வேண்டாம், இப்போதைக்கு வேண்டாம். காரணம் சொல்கிறேன். ஆப்பிள் நிறுவனம் தன் டெஸ்க்டாப் கணினிகளுக்கென ‘மேக்ஓஎஸ் சர்வர்’ என்ற மென்பொருளைப் பல ஆண்டுகள் கொடுத்துவந்தது. ‘வெப்சைட்ஸ்’ என்ற பகுதியைத் திறந்து, பெயரைத் தட்டி, ஒரு பொத்தானை அழுத்தினால் தளம் எழுந்துவிடும். 2018-இல் அந்தப் பகுதியை எடுத்தார்கள், 2022 ஏப்ரல் 21-ஆம் தேதி மென்பொருளையே நிறுத்திவிட்டார்கள். பொத்தானை மட்டும் பழகியவர்கள் கைபிசைந்து நின்றார்கள். அந்தப் பொத்தானுக்கு அடியில் ஓடியது அப்பாச்சி என்ற வலை சர்வர்தான் என்று தெரிந்தவர்களுக்கு ஒரு கவலையும் இல்லை. அப்பாச்சி 1995 முதல் இருக்கிறது, இன்றும் இருக்கிறது. அடியில் ஓடுவதைக் கற்றுக்கொள். மேலே இருக்கும் பொத்தான்கள் வரும், போகும்.

தளம் திறக்கவில்லை என்றால் பதறிப்போய் எல்லாவற்றையும் அழித்துத் திரும்ப நிறுவாதே. வரிசையாகக் கேள். அப்பாச்சி ஓடுகிறதா? 80-ஆம் போர்ட்டில் காது கொடுத்து நிற்கிறதா? ஃபயர்வால் வழிவிடுகிறதா? நீ கேட்கும் பெயர் அதற்குத் தெரியுமா? கோப்பைப் படிக்க அதற்கு அனுமதி உண்டா? இந்த ஐந்தில் ஒன்றில்தான் பெரும்பாலும் சிக்கல் இருக்கும். விடை எரர் லாகில் எழுதியிருக்கும். லாகைப் படிக்காமல் சரிசெய்ய முயல்கிறவன் இருட்டில் துழாவுகிறவன்.

பெயர் விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஒரே கணினியில், ஒரே ஐபி முகவரியில் பத்துத் தளங்கள் இருக்கலாம். பிரவுசர் வரும்போதே எந்தத் தளத்தைத் தேடி வந்தேன் என்று பெயர் சொல்லிக்கொண்டு வருகிறது. அப்பாச்சி அந்தப் பெயரைத் தன் விர்ச்சுவல் ஹோஸ்ட் பட்டியலில் தேடுகிறது. பெயர் அங்கே இல்லையென்றால் கதவை மூடிவிடாது, பட்டியலில் முதலாவதாக நிற்கும் தளத்தைக் காட்டிவிடும். உபுண்டுவில் ஆயத்தமாக வரும் கோப்பின் பெயர் மூன்று சுழியத்தில் தொடங்குவது அதனால்தான். அகரவரிசையில் அது முன்னால் நிற்க வேண்டும். உன் தளத்தைக் கேட்டால் வேறு பக்கம் வருகிறதென்றால், பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று முதலில் பார். கான்பிக் கோப்பைத் தொட்ட ஒவ்வொரு முறையும் சோதனைக் கட்டளையை ஓட்டி, தொடரமைப்பு சரி என்று அது சொன்ன பிறகே ரீலோட் செய்.

அடுத்தது அனுமதி. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் இங்கேதான் இடறுகிறார்கள். நீ போட்டோக்களை உன் ஹோம் அடைவுக்குள் ஒரு ஃபோல்டரில் வைப்பாய். தளம் 403, அதாவது அனுமதி இல்லை என்று முகத்தில் அடிக்கும். உபுண்டு 21.04-இலிருந்து புதிதாக உருவாகும் ஹோம் அடைவு, வேறு எந்தப் பயனரும் நுழைய முடியாதபடி 750 என்ற அனுமதியோடுதான் அமைகிறது. அப்பாச்சி தனக்கென ஒரு தனிப் பயனர் பெயரில் ஓடுகிறது. உன் ஃபோல்டரை எவ்வளவு திறந்துவிட்டாலும் வாசலிலேயே அதற்குத் தடை. அப்போது யாராவது, “எல்லாத்துக்கும் 777 கொடுத்துடு” என்று சொல்வார்கள். கொடுக்காதே. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று கணினியைத் திறந்துபோடுவதற்குப் பெயர்தான் 777. தளத்தின் கோப்புகளை வலைக்கென்றே இருக்கும் அடைவுக்கு மாற்று. ஃபோல்டருக்கு 755, கோப்புக்கு 644 கொடு. வேலை முடிந்தது. ஏன் என்று புரியாமல் கொடுத்த அனுமதி ஒவ்வொன்றும் பின்னால் ஒருநாள் உன்னைத் தேடி வரும்.

தமிழில் எழுதப்போகிறாய் என்பதால் இதையும் கேள். ‘நெய்வேலி’ என்ற சொல் நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடுக்கு எட்டுக் குறியீடு. யுடிஎஃப்-8 முறையில் கோப்பில் உட்காரும்போது 24 பைட். உன் சர்வர் இது யுடிஎஃப்-8 என்று சொல்லாமல், பிரவுசரும் மேலை ஐரோப்பிய எழுத்தாக எடுத்துக்கொண்டுவிட்டால், மேலே கோடு போட்ட சிறிய ஏ எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் எழுத்தும் மாறிமாறித் திரை முழுக்க ஓடும். அதைப் பார்த்தால் ஃபான்ட் பிழை என்று எண்ணாதே, கேரக்டர் செட்டை அறிவிக்கவில்லை என்று அர்த்தம். சர்வரின் தலைப்பிலும் பக்கத்தின் தொடக்கத்திலும் அறிவித்துவிடு. டேட்டாபேஸ் வைத்தால் அங்கும் அதே முறையைத் தேர்ந்தெடு.

இந்த வசதி சும்மா வந்ததில்லை. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995-இல் தமிழ்ப் பக்கத்தை வலையில் ஏற்றியபோது பொதுவான குறியீடு என்று ஒன்று நடைமுறையில் கிடையாது. ஆளுக்கொரு ஃபான்ட், தளத்துக்கொரு குறிமுறை. 1999-இல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூட்டித்தான் டாம், டாப் என்று தரம் வகுத்தார்கள். டிஸ்கி என்ற இன்னொரு குறிமுறை தன் வழியில் தனியாக நடந்தது. பிறகுதான் எல்லாரும் யூனிகோடுக்கு வந்து சேர்ந்தோம். அத்தனை பேர் மெனக்கெட்டதன் பலன் உன் கான்பிக் கோப்பில் ஒரு வரியாக நிற்கிறது. அந்த வரியை மறந்துவிடாதே.

வெளி உலகுக்குத் திறப்பதைப் பற்றி அவசரப்படாதே. முதலில் வீட்டு வைஃபைக்குள் ஓடட்டும். ரவுட்டரில் கணினிக்கு நிலையான உள் முகவரி ஒதுக்கு. அம்மாவின் போனில் திறக்கட்டும், பக்கத்து வீட்டு மாமாவைக் கூப்பிட்டுக் காட்டு. பிறகு ரவுட்டரின் வெளி முகவரியைப் பார். அது 100.64-இலிருந்து 100.127 வரைக்குள் தொடங்கினால், உன் இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. போர்ட் ஃபார்வர்டிங் என்ன செய்தாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. அப்போது இரண்டு வழி. மாத வாடகைக்கு விபிஎஸ் என்ற சிறிய மெய்நிகர் சர்வர் ஒன்றை எடுத்து, வீட்டில் பழகிய அதே அமைப்பை அங்கே செய். அல்லது நிலையான ஐபி கேட்டு வாங்கு. எந்த வழியானாலும் வெளியே திறக்கும் நாளுக்கு முன் ஃபயர்வாலைப் போடு. 80, 443, விபிஎஸ் என்றால் நீ உள்ளே நுழையும் எஸ்எஸ்எச் போர்ட், இவை தவிர மற்றதை மூடு. டேட்டாபேஸின் 3306-ஆம் போர்ட்டை எக்காரணம் கொண்டும் வெளியே காட்டாதே. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது இங்கே சத்தியமான வார்த்தை. புதிதாக ஒரு முகவரி திறந்தால் தானியங்கி நிரல்கள் உடனே தட்டிப்பார்க்க வரும். உன் ஆக்சஸ் லாகிலேயே பார்ப்பாய். பொதுவான டொமைன் பெயர் கிடைத்ததும் லெட்ஸ் என்கிரிப்ட்டின் இலவசச் சான்றிதழைப் போட்டுவிடு. 90 நாளில் காலாவதியாகும் என்பதால் தானாகப் புதுப்பிக்கும்படி அமை. அது உண்மையிலேயே புதுப்பிக்கிறதா என்று சோதித்தும் பார்.

இனி ஓடவைப்பது. நம் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் நிலத்தடி நீர் சதுர செண்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை அழுத்தத்தோடு மேலே முட்டிக்கொண்டு நிற்கிறது. பம்புகள் அதை விடாமல் இறைப்பதால்தான் சுரங்கம் சுரங்கமாக இருக்கிறது. ராட்சத வெட்டு இயந்திரத்தைப் பார்த்து வியக்காதவர் இல்லை, பம்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சர்வரைப் பார்த்துக்கொள்வதும் அந்தப் பம்பு வேலைதான். கணினி தானாகத் தூங்கும் வசதியை நிறுத்து. கரண்ட் போய் வந்தால் தானே எழும்படி பயாஸில் அமை. கணினி எழுந்ததும் அப்பாச்சியும் தானே எழ வேண்டும், யாராவது லாகின் செய்யும்வரை காத்திருக்கக் கூடாது. நல்ல யுபிஎஸ் ஒன்று வை. லாக் கோப்பு வளர்ந்து டிஸ்க் நிறைந்துவிடாமல் பார். பாதுகாப்புத் திருத்தங்களைத் தவறாமல் ஏற்று. வலையுலகின் முதல் சர்வரும் ஒரு டெஸ்க்டாப் கணினிதான். ஜெனீவா அருகே செர்னில் டிம் பெர்னர்ஸ்-லீ மேசையில் இருந்த நெக்ஸ்ட். இது சர்வர், அணைக்க வேண்டாம் என்று கையால் எழுதி அதன்மேல் ஒட்டியிருந்தார். நீயும் வீட்டில் பெருக்குகிறவர் கண்ணில் படும்படி அப்படி ஒன்று எழுதி ஒட்டு.

பேக்கப்பை நெய்வேலிக்குள் மட்டும் வைக்காதே. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கரை கடந்தபோது நம் டவுன்ஷிப்பின் மரங்கள் சாய்ந்ததையும், மாவட்டம் இருளில் கிடந்ததையும் பெரியவர்களைக் கேள், சொல்வார்கள். ஒரு பிரதி கணினியில், ஒரு பிரதி தனி ஹார்டு டிஸ்கில், ஒரு பிரதி வேறு ஊரில். அவ்வப்போது அந்தப் பிரதியிலிருந்து தளத்தை வேறொரு கணினியில் எழுப்பிப் பார். திரும்ப எழுப்பிப் பார்க்காத பேக்கப்பை நம்பாதே.

கடைசியாக ஒன்று. உன்னிடம் வருபவை மற்றவர்களின் வீட்டுப் படங்கள். படத்தில் இருப்பவர்களைக் கேட்டுவிட்டு ஏற்று. எடுத்துவிடு என்று சொன்னால் மறுபேச்சில்லாமல் எடுத்துவிடு. போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஒளிந்திருக்கும், அதை நீக்கிவிட்டு ஏற்று. அசல் கோப்பைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, தளத்தில் சிறிய அளவில் போடு. கிராமத்தில் சிக்னல் குறைந்த இடத்தில் இருக்கும் பாட்டிக்கும் அது திறக்க வேண்டும்.

தனியாகத் திணறாதே. கணியம் இதழ் 2012 முதல் லினக்ஸைத் தமிழிலேயே சொல்லித் தருகிறது. விழுப்புரத்தில் இருக்கும் விஜிளக் என்ற லினக்ஸ் பயனர் குழு நண்பர்கள் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் கற்றுத்தருகிறார்கள், உனக்குப் பேருந்து தூரம்தான். போய்க் கேள். நீ செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வை. நீ மேற்படிப்புக்கு வெளியூர் போகும் நாள் வரும், உங்கள் வீடும் ஒருநாள் குவாட்டர்ஸைக் காலி செய்யும். அப்போது அந்த நோட்டைப் படித்து இன்னொரு பிள்ளை இதே தளத்தை எழுப்பி நடத்த வேண்டும். இன்றைக்கே தொடங்கு. அந்த இன்னொரு பிள்ளையையும் இன்றைக்கே பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்.

அன்புடன்,
உன் அண்ணன்