அவை கூடி இயற்றிய சட்டம்

சங்கத்தில் ஒருவருக்கு உபசம்பதை அளிக்கும் முறையை நம் அன்பர்கள் அறிவர். கற்று வல்ல பிக்கு ஒருவர் அவை நடுவே கோரிக்கையை ஒரு முறை அறிவிப்பார். பின்னர் மும்முறை எடுத்துரைப்பார். உடன்படுவோர் மௌனமாயிருப்பர், உடன்படாதவர் பேசுவார். பிணக்குத் தோன்றின் சலாகை என்னும் குச்சிகளை எண்ணிப் பெரும்பான்மை காண்பதும் உண்டு. நோயுற்று வர இயலாத பிக்குவும் தம் இசைவைப் பிறர் வாயிலாக அனுப்புதல் வேண்டும். இம்முறைகளின் கருத்து யாது? சட்டம் நல்லதாயிருத்தல் மட்டும் போதாது. அதற்குக் கட்டுப்படுவோர் கேட்கப்பட்டிருத்தலும் வேண்டும் என்பதே. இவ்வுண்மையைத் திருவனந்தபுரத்து வரலாற்றைக் கொண்டு இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. ஒரு கையெழுத்தால் வந்தவை

திருவாங்கூர் சமஸ்தானத்தில் 1888-லேயே எட்டு உறுப்பினர் கொண்ட சட்டசபை அமைந்தது. 1904-இல் ஸ்ரீமூலம் பிரஜாசபையும் தோன்றிற்று. ஆயினும் அவற்றில் அமர்ந்தோர் பெரும்பாலும் நிலமும் பொருளும் உடையவரே. பொது வீதியில் நடக்கவும் தடுக்கப்பட்ட மக்களின் குரலாக, வெங்ஙானூர் அய்யன்காளி 1911-இல் நியமன உறுப்பினராக அவையினுள் நுழைந்தார். 1936 நவம்பர் 12-ஆம் நாள் மன்னர் ஸ்ரீ சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்டார். இது பெருஞ்செயல் என்பதில் ஐயமில்லை. எனினும் அது மன்னர் மனமிசைந்து அளித்த கொடை. குடிகள் அவையில் நிலைநாட்டிய உரிமை அன்று.

அதே முறையில் ஓர் அரசியலமைப்பையே அளிக்க 1946-இல் திவான் சர் சி. பி. இராமசாமி ஐயர் முற்பட்டார். வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை உண்டு. ஆனால் நிர்வாகம் மன்னர் நியமிக்கும் திவானிடமே இருக்கும். சட்டசபை அவரை நீக்க இயலாது. இதுவே அத்திட்டத்தின் சாரம். அமெரிக்க மாதிரி எனப் பெயர் பெற்ற அதனை அரபிக்கடலில் எறிவோம் என மக்கள் முழங்கினர். அவ்வாண்டு அக்டோபரில் புன்னப்புரை, வயலார் ஊர்களில் துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டனர்.

1947 ஜூன் 11-இல், திருவாங்கூர் தனி நாடாகும் என்று திவான் அறிவித்தார். ஜூலை 25-இல் திருவனந்தபுரத்தில் அவர் வெட்டுண்டு காயமுற்றார். அதன்பின் மன்னர் இந்திய யூனியனில் சேர இசைந்தார். குடிகளைக் கேளாது வகுக்கப்பட்ட நாடு பிறவாமலே மறைந்தது.

2. அவையில் எழுந்தது

1948 பிப்ரவரியில் வயது வந்தோர் வாக்குரிமைப்படி சமஸ்தானத்தில் தேர்தல் நடந்தது. தனக்கென அரசியல் சட்டம் வகுக்கவே அவ்வவை கூடிற்று. ஆயினும் விரைவில் அதுவே சட்டசபையாக மாறிற்று. 1949 ஜூலை 1-இல் திருவாங்கூரும் கொச்சியும் இணைந்தன. டெல்லியில் உருவான அரசியல் சட்டமே இந்நாட்டுக்கும் உரியதாயிற்று.

அந்த அரசியல் நிர்ணய சபை 1946 டிசம்பர் 9-இல் கூடிற்று. 1947 ஆகஸ்டு 29-இல் அமைந்த வரைவுக் குழுவுக்கு டாக்டர் அம்பேத்கர் தலைவரானார். வரைவுக்குக் கொடுக்கப்பட்ட திருத்தங்கள் 7,635. அவையில் முன்மொழியப்பட்டவை 2,473. திருவனந்தபுரத்து அன்னி மஸ்கரீன் அம்மையாரும், மனோன்மணீயம் இயற்றிய சுந்தரம் பிள்ளையின் புதல்வர் பி. எஸ். நடராஜ பிள்ளையும் அச்சபையில் அமர்ந்தனர். கொச்சியை அடுத்த முளவுகாட்டில் புலையர் குலத்தில் பிறந்த தாட்சாயணி வேலாயுதன் சென்னை மாகாணத்தினின்று சென்றிருந்தார். 1948 நவம்பர் 29-இல் தீண்டாமையை ஒழிக்கும் ஷரத்து நிறைவேறிற்று. இன்று அது 17-ஆம் ஷரத்து. சட்டத்தின் வெற்றி மக்கள் நடந்துகொள்ளும் முறையில் உள்ளது என்று அம்மையார் அன்று எச்சரித்தார்.

இச்சபையிலும் குறை உண்டு. மாகாண உறுப்பினரைத் தேர்ந்த சட்டசபைகள் வரையறுத்த வாக்குரிமையால் அமைந்தவை. ஆயினும் ஷரத்துதோறும் வாதம் நிகழ்ந்தது, மறுப்போர் பேசினர், வாக்குகள் எண்ணப்பட்டன.

1949 நவம்பர் 25-இல் பேசிய அம்பேத்கர், இம்முறைகள் நமக்குப் புதியன அல்ல, பௌத்த சங்கங்கள் அவற்றை அறிந்திருந்தன என்று நினைவூட்டினார். இங்கு உபாலி தேரரை எண்ணுதல் தகும். நாவிதராயிருந்த அவரைத் தங்களுக்கு முன்னர்ச் சங்கத்தில் சேர்க்குமாறு சாக்கிய இளவரசர்கள் வேண்டினர், தம் குலச்செருக்கு அடங்கும்பொருட்டு. ராஜகிருகத்து முதற் சங்கீதியில் விநயம் முழுவதையும் எடுத்துரைத்தவரும் அவரே.

3. நமக்குரிய படிப்பினை

25-ஆம் ஷரத்து மனச்சாட்சி உரிமையையும், விரும்பிய சமயத்தைத் தழுவும் உரிமையையும் தருகிறது. ஆனால் 1950-இல் ஜனாதிபதி பிறப்பித்த ஆணை, இந்துக்கள் அல்லாதார் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் அடங்கார் என்றது. 1956-இல் சீக்கியர் யாவரும் சேர்க்கப்பட்டனர். அதே ஆண்டு அக்டோபரில் நாகபுரியில் தம்மம் தழுவியோர்க்கோ 1990 வரை அவ்வுரிமை இல்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள்! தம் பிள்ளைகளின் கல்விச் சலுகைக்காகப் பதிவேட்டில் பழைய சமயத்தையே எழுத நேர்ந்த குடும்பங்கள் உண்டு. மனச்சாட்சிக்கும் பிழைப்புக்கும் இடையே அவர்களை நிறுத்தியது ஓர் ஆணை. அதனை நீக்கியது பாராளுமன்றம் இயற்றிய திருத்தச் சட்டம்.

ஆகவே, அன்பர்களே, அரசியல் சட்டம் என்பது ஒருவர் ஈந்த வரம் அன்று. நாள்தோறும் காக்க வேண்டிய விநயம். நம் சங்கத்துச் சிறு கூட்டத்திலும் வராதவரின் இசைவைக் கேளாது தீர்மானம் செய்யாதிருப்போம். மறுப்பவரைப் பேச விடுவோம். அங்கே பழகாத நேர்மை சட்டசபையில் எங்ஙனம் தோன்றும்?

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. நல்லதொரு பிரகடனத்திற்கும் அவை நிறைவேற்றிய உரிமைக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. உபாலி தேரர் முன்னிறுத்தப்பட்டதன் காரணம் யாது?
3. நம் கூட்டங்களில் கேட்கப்படாதிருப்போர் யாவர்?