இணைய ஏலத்தில் சேகரிப்பாளர் விலை கேட்கும் முறை



இணைய ஏலத்தில் நாணயமோ அஞ்சல்தலையோ வாங்க விரும்புபவர் முதலில் படிக்க வேண்டியது அந்த ஏலத்தின் விதிகளை. நேரில் நடக்கும் ஏலத்தில் ஒருவர் வாய்விட்டு விலை கேட்கிறார். அடுத்தவர் அதற்கு மேல் கேட்கிறார். மூன்றாம் தரம் சொன்னதும் பொருள் கைமாறுகிறது. 1995-இல் தொடங்கிய ஈபேயிலும் அதைப் பின்பற்றிய பல தளங்களிலும் நடைமுறை வேறு. ஒருவர் தாம் தரத் தயாராக உள்ள உச்சத் தொகையைப் பதிவு செய்கிறார். அது மற்றவர்களுக்குத் தெரியாது. போட்டி வரும்போது, தேவையான அளவுக்கு மட்டும் தளம் அவர் சார்பில் விலையைக் கூட்டிக்கொண்டே போகிறது. ஒருவரின் உச்சம் 5,000 ரூபாய், போட்டியாளரின் உச்சம் 3,200 ரூபாய், ஒவ்வொரு படிக்கும் 100 ரூபாய் உயர்வு என்றால், பொருள் முதலாமவருக்கு 3,300 ரூபாய்க்குக் கிடைக்கும். விலையை முடிவு செய்வது தோற்றவரின் உச்சத் தொகை.

இந்த முறைக்கு அஞ்சல்தலை உலகமே முன்னோடி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1893-லேயே இப்படி ஓர் அஞ்சல்வழி ஏலம் நடந்தது. நேரில் வர முடியாதவர்கள் கடிதத்தில் விலை எழுதி அனுப்பினார்கள். அதிகம் எழுதியவர், இரண்டாம் இடத்தில் வந்தவரின் தொகையை ஒட்டிய விலையைக் கொடுத்தால் போதும். இத்தகைய ஏலத்தின் தர்க்கத்தைப் பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1961-இல் கணித முறையில் விளக்கினார். 1996-இல் நோபல் பரிசும் பெற்றார். பொருள் தமக்கு எவ்வளவு பெறும் என்று ஒருவர் கருதுகிறாரோ, அந்தத் தொகையை அப்படியே எழுதுவதுதான் சிறந்த வழி என்பது அவர் காட்டிய முடிவு. குறைத்து எழுதினால் கொடுக்கும் விலை குறையாது. கிடைக்க வேண்டிய பொருள் கைநழுவும் வாய்ப்புதான் கூடும். கூட்டி எழுதினால், பெறுமானத்துக்கு மேல் பணம் கொடுத்து வெல்லும் நிலை வரும்.

ஆகவே உச்சத் தொகையை ஏலத்துக்கு முன்பே, அமைதியான நேரத்தில் முடிவு செய்து தாளில் எழுதிவைக்க வேண்டும். நூறு நூறாகக் கூட்டிக் கேட்பவர், ஒவ்வொரு முறை முந்தப்படும்போதும் “இன்னும் ஒரு நூறுதானே” என்று புதிதாக முடிவெடுக்கிறார். அங்கே பொருளின் பெறுமானம் பின்னுக்குப் போய், விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற எண்ணம் முன்னுக்கு வருகிறது. எழுதிய தொகையைத் தாண்டி விலை போனால் விலகிவிடுவதே முறை. தொகையை முழு எண்ணாக வைக்காமல் 5,000-க்குப் பதில் 5,037 என்று வைப்பது நல்லது. பலரும் முழு எண்ணில் நிறுத்துவார்கள். இருவரின் தொகை சமமானால் ஈபேயில் முன்னால் பதிந்தவருக்கே பொருள் போகும்.

எப்போது கேட்பது என்பது ஏலம் முடியும் விதத்தைப் பொறுத்தது. முடியும் நேரம் மாறாத தளங்களில் கடைசி நொடிகளில் தொகையைப் பதிவது பரவலான வழக்கம். ஸ்னைப்பிங் என்று அதற்குப் பெயர். பொருளியலாளர்களான ஆக்செல் ஓக்கன்ஃபெல்ஸும், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஆல்வின் ராத்தும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு, ஈபேயையும் அன்று அமேசான் நடத்திவந்த ஏலத்தையும் ஒப்பிட்டது. அமேசானில் கடைசிப் பத்து நிமிடத்துக்குள் யாராவது கேட்டால் ஏலம் நீண்டுவிடும். அங்கே கடைசி நேரக் கேட்பு குறைவாக இருந்தது. நேரம் நீளாத ஈபேயில் அதிகமாக இருந்தது. கணினிகளைவிடப் பழம்பொருள்களுக்கு அது இன்னும் அதிகம் என்பதையும் அவர்கள் கண்டார்கள். காரணம் தெளிவானது. கணினியின் விலை எல்லோருக்கும் தெரியும். பழம்பொருளின் மதிப்பு அதை அறிந்தவருக்கே தெரியும். அவர் முன்கூட்டியே கேட்டுவிட்டால், அவரைப் பார்த்தே மற்றவர்களும் அது நல்ல பொருள் என்று அறிந்துகொள்வார்கள்.

நேரம் மாறாத ஏலத்தில் கடைசியில் ஒரே முறை கேட்பது, ஒருவரின் அறிவைப் பிறருக்கு இலவசமாகக் கொடுக்காமல் காக்கும். விலையைச் சிறுகச் சிறுக ஏற்றிவிடும் ஆசாமிகளுக்கும் அவகாசம் இராது. இணைப்பு அறுந்து கேட்பு போய்ச் சேராமல் போகலாம் என்பது இதிலுள்ள ஒரே இடர். நேரம் நீளும் ஏலத்தில் இந்த உத்திக்குப் பயன் இல்லை. அங்கே உச்சத் தொகையைப் பதிந்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

உச்சத் தொகையைக் கணிப்பதில்தான் சேகரிப்பாளரின் உண்மையான உழைப்பு இருக்கிறது. விற்பவர் கேட்கும் விலையை ஆதாரமாகக் கொள்ளக் கூடாது. அதே பொருள், அதே தரத்தில், முடிந்த ஏலங்களில் என்ன விலைக்குப் போனது என்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு விற்பனையை நம்பாமல் பலவற்றைப் பார்ப்பது அவசியம். இருவர் வெறியோடு மோதிய ஒரு நாள் விலை சந்தை விலையாகாது. தரம் அடுத்த கேள்வி. நாணயங்களை 1 முதல் 70 வரை தரப்படுத்தும் ஷெல்டன் அளவுகோலில் ஓரிரு புள்ளி வேறுபாடுகூட விலையைப் பல மடங்கு மாற்றும். பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நிறுவனங்கள் தரமிட்டுப் பெட்டியில் அடைத்த நாணயமானால், சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் தேடி, அங்கே படம் இருந்தால் அதனோடும் ஒப்பிட வேண்டும். பெட்டிக்கும் போலி உண்டு.

அரிய பொருள் எதுவோ அதற்கே போலி அதிகம். ஆறாம் ஜார்ஜின் 1939-ஆம் ஆண்டு ஒரு ரூபாய் நாணயம் இந்தியச் சேகரிப்பாளர்கள் தேடும் அரியவற்றுள் ஒன்று. அந்நாளைய வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம். எடை சரியாக இருப்பது மட்டும் போதாது. வேறோர் ஆண்டின் அசல் நாணயத்தில் ஓர் இலக்கத்தை மட்டும் திருத்தியிருந்தால் எடை மாறாது. 1948 ஆகஸ்ட் 15 அன்று வெளியான காந்தி அஞ்சல்தலைகளில் பத்து ரூபாய்த் தலைக்கும் போலிகள் ஏராளம். இத்தகைய பொருள்களுக்கு இருபுறங்களையும் விளிம்பையும் நெருக்கமாகக் காட்டும் படங்களைக் கேட்டுப் பெற வேண்டும். படம் தர மறுக்கும் விற்பனையாளரின் பொருளுக்கு விலை கேட்காமல் இருப்பதே பாதுகாப்பு.

கணிப்பு எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு தள்ளுபடி வேண்டும். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் குத்தகை ஏலம் எடுத்த நிறுவனங்கள் ஏன் எதிர்பார்த்த லாபம் பெறவில்லை என்று 1971-இல் மூன்று பொறியாளர்கள் ஆராய்ந்தார்கள். மதிப்பை மிகையாகக் கணித்த நிறுவனமே ஏலத்தில் வெல்கிறது என்று கண்டார்கள். வென்றவரின் சாபம் என்று இது அறியப்படுகிறது. ஒரு மங்கலான படத்தைப் பத்துப் பேர் பார்த்தால், அதை மிக உயர்வாக மதித்தவரிடமே அந்த நாணயம் போய்ச் சேரும். படமும் விவரமும் குறைவாக இருக்கும் அளவுக்கு, போட்டியாளர்கள் கூடும் அளவுக்கு, உச்சத் தொகையைக் குறைக்க வேண்டும்.

ஏலத் தொகையோடு செலவு முடிவதில்லை. பல ஏல நிறுவனங்கள் வாங்குபவரிடம் தனிக் கட்டணம் வாங்குகின்றன. அதன் மேல் வரி, அஞ்சல், காப்பீடு, வெளிநாட்டிலிருந்து வந்தால் சுங்க வரி எல்லாம் உண்டு. ஒரு பொருளுக்கு மொத்தம் 10,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறார் ஒருவர். கட்டணம் 20 விழுக்காடு, கட்டணத்தின் மேல் வரி 18 விழுக்காடு, அஞ்சல் 300 ரூபாய் என்று கொண்டால், அவர் 7,847 ரூபாய்க்கு மேல் கேட்கக் கூடாது. இந்தக் கணக்கைப் பின்னோக்கிப் போட்டுப் பார்க்காதவருக்கு, ரசீது வரும்போது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூடுதலாக நிற்கும்.

பொறுமைக்கு நேரடியான பண மதிப்பு உண்டு. ஒரே மாதிரியான வைன் புட்டிகள் அடுத்தடுத்து ஏலம் விடப்படும்போது பின்னால் வருபவை விலை குறைவாகப் போவது அதிகம் என்று பொருளியலாளர் ஓர்லி ஆஷன்ஃபெல்டர் 1989-இல் எழுதினார். அடிக்கடி சந்தைக்கு வரும் பொருளுக்கு அவசரம் தேவையில்லை. பல ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே தென்படும் பொருளுக்கு, மற்றவற்றை விட்டுச் சேமித்த பணத்தைத் துணிந்து ஒதுக்கலாம். ஒன்று போதும் என்ற நிலையில் இரண்டு ஏலங்களில் ஒரே நேரத்தில் உச்சத் தொகை பதிந்தால், இரண்டும் கிடைத்துப் பணம் கட்ட வேண்டிய கட்டாயம் வரும். ஒன்று முடிந்த பிறகு அடுத்ததற்குப் போக வேண்டும்.

ஏமாற்றின் அடையாளங்கள் சில. ஒரே விற்பனையாளரின் பொருள்களுக்கு மட்டும் விலை ஏற்றிவிட்டு எதையும் வெல்லாத கணக்குகள் தெரிந்தால், விற்பவரே ஆள் வைத்துக் கேட்கிறார் என்று ஐயுறலாம். ஏலத்தில் தோற்ற பிறகு, தளத்துக்கு வெளியே பணம் அனுப்பினால் பொருளைத் தருவதாக வரும் செய்தியை நம்பக் கூடாது. பழைய நாணயங்களையும் நோட்டுகளையும் வாங்கவும் விற்கவும் தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்கும் மோசடிகளைப் பற்றி இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. அந்த வங்கி இத்தகைய வணிகத்தில் ஈடுபடுவதில்லை.

சட்டமும் கணக்கில் வர வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத நாணயம், சிற்பம், ஓவியம் போன்றவை தொல்பொருள்கள். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. எந்த வழியில் விற்பவரிடம் வந்தது என்று சொல்ல முடியாத சிலை எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்கக் கூடாது. அது ஒரு கோயிலின் இழப்பாக இருக்கலாம்.

பொருள் வந்ததும் பொதியைப் பிரிப்பதைப் படம்பிடித்து, விவரத்தோடு ஒப்பிட்டு, குறை இருந்தால் திருப்பும் காலக்கெடுவுக்குள் எழுத வேண்டும். பிறகு வாங்கிய நாள், மொத்தச் செலவு, விற்றவர், தரம், சான்று எண் ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் குறிக்க வேண்டும். தோற்ற ஏலங்களின் இறுதி விலையையும் அதே பதிவேட்டில் சேர்க்க வேண்டும். அடுத்த உச்சத் தொகையைக் கணிக்க எந்த விலைப்பட்டியலைவிடவும் அதுவே அதிகம் உதவும்.