வெல்லை மூடிவிட்டுக் கவனி

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நிலவியல் முடித்த கையோடு ரிசர்வாயர் பிரிவில் சேர்ந்துவிட்டாய். முதல் வெல்லில் வாயு பீறிட்டு வந்தது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். ஆனால் அந்த ஒரு உற்பத்தி எண்ணை வைத்து வாயு வயலின் ஆயுளைக் கணக்குப் போட்டுவிடாதே. உற்பத்தி வீதம் கிணற்றுக்கு அருகில் இருப்பதைச் சொல்லும். தொலைவில் எவ்வளவு மிச்சம் என்பதை பிரஷரிடம்தான் கேட்க வேண்டும்.

காவிரிப் படுகையின் கடற்பகுதியில் இருக்கும் பி.ஒய்.-1 வயலைப் பார். அங்கே வாயு இருப்பது மணற்கல்லில் இல்லை, அடித்தளக் கிரானைட்டின் வெடிப்புகளில். 2009 இறுதியில் வாயு கரைக்கு வந்தது. எதிர்பார்த்ததைவிட சீக்கிரமே உற்பத்தி சரிந்தது. கிரானைட்டுக்குள் துளையிடம் மிகக் குறைவு. வெடிப்புகள் வாயுவைத் தாராளமாக ஓடவிடும், சேமித்து வைக்காது. வாசல் அகலமாக இருந்து உள்ளே அறையே இல்லாத வீடு அது.

புவனகிரிப் பக்கம் மணற்கல் வேறு ரகம். (நம்மூர்ப் பெயர்களான ஆண்டிமடம், சாத்தப்பாடி, புவனகிரி எல்லாம் இந்தப் படுகையின் கிரெட்டேசியப் பாறைத் தொகுதிகளுக்கும் பெயர், பக்கத்து ஊர்க்காரர்களுக்கே இது தெரியாது.) மணல்மணிகளை ஒட்டித் தண்ணீர், துளையின் நடுவில் எண்ணெய். ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சோக்கை அகலத் திறந்து அவசரமாக இழுத்தால் அடியிலிருக்கும் தண்ணீர் கூம்பாக எழும்பி வெல்லுக்குள் புகுந்துவிடும். எண்ணெயைவிட அது எளிதில் ஓடும். ஒருமுறை வழி கண்டுபிடித்த தண்ணீரைத் திருப்பி அனுப்புவது பெரும்பாடு. வாட்டர் கட், அதாவது வரும் திரவத்தில் தண்ணீரின் பங்கு, ஏறும். நல்ல எண்ணெய் பக்கவாட்டில் அப்படியே தங்கிவிடும்.

பிரஷர் எவ்வளவு தூரம் பரவும் என்று கண்ணால் பார்க்க ஆசையா? விடுமுறையில் நெய்வேலி போ. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் இருக்கும் ஊற்றுநீர் மேல்நோக்கி அழுத்துகிறது. ஆழ்துளைக் கிணறுகளில் இரவுபகலாக இறைத்து அழுத்தத்தைத் தணித்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும். சுற்றுக் கிராமத்தாரிடம் கிணற்று நீர்மட்டத்தைப் பற்றியும் விசாரி. நுண்துளைகள் வழியான ஓட்டத்துக்கு டார்சி 1856-இல் தன் விதியை வெளியிட்டதும் தண்ணீரை மணலில் வடித்துப் பார்த்துத்தான். பெட்ரோலியம் பின்னால் வந்தது.

இனி உன் வெல்லுக்கு வருகிறேன். உற்பத்தியை நிறுத்தி ஷட்-இன் செய்யச் சொல். கிணற்றின் அடியில் பிரஷர் கேஜ் இருக்கட்டும். முதலில் ஏறும் பிரஷர் பெரும்பாலும் குழாயின் கதை, அதை விட்டுவிடு. அதற்குப் பிறகு, பிரஷர் ஏறுவதைக் காலத்தோடு வரையும் ஹார்னர் வரைபடத்தில் நேர்கோடு விழும். அதன் சரிவில் பாறையின் ஊடுபுகுதிறன் இருக்கிறது. ஒன்றுக்கொன்று இணையாக இரண்டு கோடுகள் தெரிந்தால் வெடிப்பும் பாறையும் தனித்தனியாகப் பேசுகின்றன என்று சந்தேகப்படு. போன முறை மூடியபோது எட்டிய பிரஷரை இம்முறை எட்டாவிட்டால் கொள்கலன் சிறியது.

"மூன்று நாள் உற்பத்தி போகுமே" என்று மேலிடத்தில் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். கேஜ் மேலே வந்ததும் முழு அளவீட்டையும் எனக்கு அனுப்பு. மென்பொருள் வழவழப்பாக்கிய கோடு வேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்