கண்டி மலையேறுவோருக்கு

எசல பெரஹெரா முடிந்து வீதிகள் ஓய்ந்த ஆவணி, புரட்டாசி மாதங்களில் ஹந்தானை மலைமேல் ஏறிப் பேராதனைப் பள்ளத்தாக்கைத் தரிசிக்க விழைவோர், வெயில் நீடித்தால் மானாப்புல் காய்ந்து எளிதில் பற்றிக்கொள்ளுமாதலால், தீப்பெட்டியை வீட்டிலேயே விட்டுச் செல்வது உத்தமம். ஐப்பசி பிறந்துவிட்டாலோ, காலையில் நிர்மலமாயிருக்கும் ஆகாயம் பிற்பகலில் இடிமின்னலுடன் கொட்டுவது சகஜமாகையால், விடியலிலேயே புறப்பட்டு மத்தியானத்துக்கு முன் முகட்டைவிட்டு இறங்கிவிட வேண்டும். நக்கிள்ஸ் மலைக்காடுகளில் மழைக்குப்பின் அட்டைகளின் உபத்திரவம் சொல்லி மாளாது; காற்சட்டை விளிம்பைக் காலுறைக்குள் செருகி, அதன்மேல் நனைத்த சவர்க்காரத்தைத் தடிப்பாகப் பூசிக்கொள்ளுங்கள். கடித்த அட்டையைப் பிடித்து இழுக்காமல், நகத்தை அதன் வாயடியில் செலுத்தி மெல்ல நெம்பிவிடுங்கள். அதன் உமிழ்நீர் இரத்தம் உறைவதைத் தடுப்பதால் காயம் சற்று நேரம் கசியும், அஞ்ச வேண்டியதில்லை.